கொடுமணல்: மண்ணுக்குள் ஒரு தொழில்நகரம்

கொடுமணலைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் ஏமாந்துதான் நிற்பார்கள். திருப்பூரைத் தாண்டி நொய்யல் ஆறு ஈரோடு மாவட்டத்துக்குள் நுழைந்தபின், அதன் வடகரையில் இருக்கும் சிற்றூர். கோட்டையில்லை, கொத்தளமில்லை, மேய்ச்சல் நிலமும் மானாவாரிக் காடும்தான். அங்கங்கே ஈமக் கல்வட்டங்கள். ஊரின் பெருமையெல்லாம் தரைக்கடியில்.

பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் அணிகலனுக்குப் பேர்போனதாகச் சொல்லும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1985 முதல் நடந்த அகழாய்வுகள் அதற்கு வலுச்சேர்த்தன. பளிங்கு, பெரில், நீலக்கல், சூதுபவளம் என்று கல்லை அறுத்துத் தேய்த்துத் துளையிட்ட பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள் எல்லாம் வெளிப்பட்டன. பெரிலுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. காங்கேயம் பக்கத்துப் படியூரிலேயே உண்டு. துளை போடாமல் பாதியில் நின்ற மணிகளும் கிடைத்தன. முழு மணியைவிட அவைதான் அழகு என்பேன், வேலை செய்த கை அவற்றில் தெரிகிறது.

தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. மன்னர் ஆணை அல்ல; புழங்கிய மனிதரின் பெயர்கள். நூல் நூற்ற தக்களியின் சுடுமண் வட்டுகளும் உண்டு. திருப்பூர் பனியன் தொழிலுக்கு ஈராயிரம் ஆண்டு மூத்த பாட்டி!

அதே நொய்யல் ஆற்றில்தான் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை அந்தப் பனியன் தொழிலின் சாயக்கழிவுத் தொட்டியாகிப்போனது.

திருப்பூருக்குச் சரக்கெடுக்க வருகிறவர்கள் அரைநாள் ஒதுக்கிப் பார்த்துவரலாம். ஓட்டுத்துண்டு எதையும் பையில் போட்டுவிடாதீர்கள்.