கேர்னலின் வக்துகள்: டைமர் மரபில் சில மத்ஹபுகள்

2006 ஏப்ரல் 15ஆம் திகதி நள்ளிரவு கடந்து 12.30 ஆனதும் இலங்கையின் கடிகாரங்கள் மீண்டும் 12.00க்குத் திரும்பின. 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டின்போது, மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் பாதியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். மீதி அரை மணித்தியாலம் பத்து வருடங்கள் கழித்து வந்து சேர்ந்தது. கல்முனையின் தொழுகை நேர அட்டவணையில் இலக்கங்கள் எல்லாம் அரை மணித்தியாலம் குறைந்தன. சூரியனுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

அன்றிரவு இந்த நாட்டில் ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் கணினிகளின் இயங்குதளக் கருவான கேர்னலுக்கும் சம்பந்தம் இல்லை. கேர்னல் எண்ணுவது உலகப் பொதுநேரத்தை. அதோடு கூட்ட வேண்டியது ஐந்தரை மணித்தியாலமா ஆறா என்பது வெளியே ஒரு கோப்பில் இருக்கும் கணக்கு. அதைவிட முக்கியமாக, யார் கடிகாரத்தைத் திருத்தினாலும் பின்னே போகாத மொனொட்டோனிக் எண்ணிக்கை ஒன்றும் அதனிடம் உண்டு. ‘நாளை காலை 4.45க்கு எழுப்பு’ என்றால் சுவர்க் கடிகாரம் வேண்டும். ‘30 விநாடிக்குள் மறுமொழி வராவிட்டால் கைவிடு’ என்றால் மொனொட்டோனிக் வேண்டும். இரண்டுக்கும் போசிக்ஸ் தரநிலையில் தனித்தனிப் பெயர் உண்டு. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஓர் இரவை 2012 ஜூன் 30இல் உலகம் கண்டது. அன்று உலகப் பொதுநேரத்தில் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட ஒரு விநாடி, அதாவது லீப் விநாடி, லினக்ஸின் நுண்நேர டைமர் பகுதிக்குச் சரியாக அறிவிக்கப்படவில்லை. சில டைமர்கள் நேரத்துக்கு முன்பே முடிந்து, மறுபடி வைக்கப்பட்டு, மறுபடி முடிந்து, புரோசசரை முழுக்க விழுங்கின. ரெடிட் தளம் விழுந்தது. குவாண்டாஸ் விமானப் பயணிகள் அவுஸ்திரேலியாவில் வரிசையில் நின்றார்கள்.

பாங்கு ஒலிப்பதை ‘24 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை’ என்று எழுதிவிட முடியாது என்பது நம் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு நாளும் நேரம் நகர்கிறது. கல்முனையில் ளுஹர் கொழும்பைவிட ஏறக்குறைய எட்டு நிமிடம் முந்துகிறது. அஸருக்கு ஷாஃபிஈ கணக்கு வேறு, ஹனஃபி கணக்கு வேறு. ஒரு வக்து முடிந்ததும் அடுத்ததைக் கணக்கிட்டு வைக்க வேண்டும். லினக்ஸின் சாதாரண டைமரும் இப்படித்தான்: ஒரு தடவை மட்டும் ஒலிக்கும். மீண்டும் வேண்டுமானால், ஒலித்தபோது அழைக்கப்படும் கால்பேக் தானே அடுத்ததை வைக்க வேண்டும். இந்த எளிய ஏற்பாட்டுக்குள் இருக்கும் சிக்கலைப் பின்னர் சொல்கிறேன்.

டைமர்களை அடுக்கும் வழிமுறைகளில் நான் இங்கே எடுக்கும் மூத்தது யுனிக்ஸினுடையது. 1975இல் வந்த ஆறாம் பதிப்பில், ஒரே நேரத்தில் 20 அழைப்புகள் மட்டும் கொள்ளும் ஒரு பட்டியல் இருந்தது. நேர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் முன்னதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிவைத்தார்கள். கடிகாரத் துடிப்பு வரும்போது தலையில் இருப்பதைக் குறைத்தால் போதும். அழகான வேலை. ஆனால் புதிதாக ஒன்றைச் செருக, பட்டியலில் இடம் தேடி நடக்க வேண்டும். இருபதுக்குச் சரி, ஆயிரக்கணக்கான வலைத் தொடர்புகள் ஆளுக்கொரு டைமர் கேட்டால் சரிவராது.

அதை மாற்றியவர்கள் ஜோர்ஜ் வர்கீஸும் டோனி லோக்கும். 1987இல் அவர்கள் முன்வைத்த டைமர் சக்கரம், இடம் தேடும் வேலையையே ஒழித்தது. காலாவதி நேரத்தைப் பார்த்து, நேரே உரிய குழியில் போட்டுவிடலாம். பிறகு வர்கீஸும் அடம் கொஸ்டெல்லோவும் 1995இல் யுனிக்ஸின் கிளையான பிஎஸ்டிக்காக எழுதிய மறுவடிவமைப்பு ஃப்ரீபிஎஸ்டி மரபின் அடித்தளமாயிற்று. லினக்ஸுக்கு 1997இல் ஃபின் ஆர்னே கங்ஸ்டாட் படிநிலைச் சக்கரத்தைக் கொண்டுவந்தார்: முதல் சக்கரத்தில் 256 குழிகள், அதற்கு மேல் நான்கு சக்கரங்களில் 64 வீதம். கீழ்ச் சக்கரம் ஒரு சுற்று முடித்ததும், மேலே காத்திருப்பவற்றை வாரிக் கீழே கொட்டிப் பிரிக்க வேண்டும். அந்தக் கொட்டல் எப்போது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சொல்ல முடியாததுதான் அதன் குறை.

2006இல் தோமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மொல்னாரும் தனியாக எச்ஆர்டைமர் என்று ஒன்றைக் கட்டினார்கள். அது நானோ விநாடியில் கணக்குவைத்து, செம்-கரு மரத்தில் அடுக்கும். பழையதைத் தூக்கி எறியாமல் இரண்டையும் வைத்துக்கொண்டதில்தான் விவேகம். ஏனென்றால் டைமர்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, ஒலிப்பதற்காகவே வைக்கப்படுவது: ஓர் இசைக் கோப்பின் அடுத்த துண்டு போன்றது. மற்றது, ஒலிக்கக் கூடாது என்ற நம்பிக்கையில் வைக்கப்படுவது. வலையில் ஒரு பொதி போகும்போது வைக்கும் டைமர், மறுமொழி வந்ததும் நீக்கப்படும். நடைமுறையில் இந்த இரண்டாம் சாதியே பெரும்பான்மை.

ஒலிக்காத ஒன்றைத் துல்லியமாக அடுக்கி என்ன பயன்? 2016இல் 4.8ஆம் பதிப்பில் கிளைக்ஸ்னர் இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னார். புதிய சக்கரத்தில் எதையும் வாரிக் கீழே கொட்டுவதில்லை. தூரம் கூடக் கூடக் குழிகள் எட்டு மடங்கு அகலமாகின்றன. டைமர் எந்தக் குழியில் விழுந்ததோ அங்கிருந்தே முடியும். முன்னே ஒலிக்காது, பிந்துவதானால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குக்கு மேல் பிந்தாது. 30 விநாடித் தவணை அரை விநாடி பிந்தினால் யாருக்கு நட்டம்? மறுபக்கம், ஃப்ரீபிஎஸ்டி 10 துல்லியத்தைக் கேட்பவனிடமே விட்டது: எவ்வளவு பிந்தலாம் என்று டைமரோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 7, ஓஎஸ் எக்ஸ் மாவெரிக்ஸ் ஆகியவை அருகருகே விழும் டைமர்களை ஒரே நேரத்தில் சேர்த்து எழுப்பி, பற்றரியைக் காப்பாற்றின.

மாணவர்கள் எப்போதும் துல்லியத்தைப் பற்றியே கேட்கிறார்கள். என் அளவுகோல் வேறு: ஒரு டைமரை எவ்வளவு பத்திரமாக நிறுத்த முடிகிறது?

நிறுத்துவதென்பது பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது மட்டும் அல்ல. நாம் எடுக்கும் அந்தக் கணத்தில் கால்பேக் வேறொரு புரோசசரில் ஓடிக்கொண்டிருக்கலாம். நாம் நினைவகத்தை விடுவித்துவிட்டால், அது இல்லாத வீட்டுக்குள் கை நீட்டும். ஆகவே, ஓடுவது முடியும்வரை காத்திருக்கும் நீக்கம் லினக்ஸில் தனியாக உண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் அதற்கு கால்அவுட் ட்ரெயின் என்று பெயர். காத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது: கால்பேக் கேட்கும் பூட்டை நாமே பிடித்துக்கொண்டு காத்திருந்தால், இருவரும் நகர முடியாது. இயக்கிகளில் நான் அதிகம் காணும் பிழை இதுதான்.

மேலே விட்ட சிக்கல் இங்கே வருகிறது. கால்பேக் தன்னையே மீண்டும் வைக்கும். அல்லது அது வேறொரு வேலையைத் தூண்ட, அந்த வேலை டைமரை மீண்டும் வைக்கும். குவால்கொம் சில்லுகளுக்கான புளூடூத் இயக்கியில் இருந்தது இந்த வட்டம். டைமரை முதலில் நீக்கினால் வேலை அதை உயிர்ப்பிக்கும். வேலை வரிசையை முதலில் கலைத்தால் டைமர் கலைந்த வரிசையைத் தட்டும். எந்த ஒழுங்கில் நிறுத்தினாலும் தப்பு. கடைசியில் 2023இல் வந்த 6.2ஆம் பதிப்பில், நீக்குவதோடு மீண்டும் வைக்கவும் விடாமல் அடைத்துவிடும் டைமர் ஷட்டவுன் வந்தது. அடைக்கப்பட்ட பின் யார் வைக்க முயன்றாலும் கேர்னல் பேசாமல் புறக்கணித்துவிடும். நானோ விநாடிக் கணக்கு வந்து பதினேழு வருடங்கள் கழித்துத்தான் லினக்ஸுக்கு இது கிடைத்தது.