எஸ்பெராந்தோவுக்கு ஒரு தமிழ் வாசல்

1887ஆம் ஆண்டு வார்சா நகரில் சாமன்ஹோஃப் என்னும் கண் மருத்துவர் வெளியிட்ட எஸ்பெராந்தோ, எந்த நாட்டுக்கும் உரிமையாகாத பொதுமொழியாக இருக்கவேண்டும் என்ற வேட்கையிற் பிறந்தது. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தை அனுபவித்தறிந்த நமக்கு அவ்வேட்கை அந்நியமானதன்று. இதனைப் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் நண்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும்: ஹிட்லரின் ஆட்சி இம்மொழியாளரை வேட்டையாடியது, 1937-38இல் ஸ்டாலினின் ஆட்சியும் வேட்டையாடியது. பின்னதை நாம் மறைக்கவேண்டியதில்லை.

ஆனால் இம்மொழியைக் கற்க விரும்பும் படுவான்கரை மாணவன் ஒருவனின் கையில் எந்தப் பாடநூலைக் கொடுப்பது?

பாடங்களுக்குப் பஞ்சமில்லை. 2002இல் தொடங்கிய 'லேர்னு' இணையத்தளம் இலவசமாகக் கற்பிக்கிறது. 2015இல் டுவோலிங்கோ ஆங்கிலம் அறிந்தோருக்கென ஒரு பாடநெறியை வெளியிட்டது. பயிற்சிகள் சுவையானவையே. எனினும் ஆங்கில வாக்கியத்தை எஸ்பெராந்தோ ஆக்குவதும் எஸ்பெராந்தோவை ஆங்கிலம் ஆக்குவதுமே அங்குப் பெரும்பகுதி வேலை. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அந்த இணைப்பு வாவியைக் கடந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை நம் ஆசிரியர்கள் அறிவர். நடுநிலை மொழிக்குப் போகும் பாதையிலும் ஆங்கிலம் சுங்கம் கேட்கிறது!

இதனினும் பெரிய குறை விளக்கும் முறையில் உள்ளது. நூல் என்பது 'லிப்ரோ', நூல்கள் 'லிப்ரோய்', நூல்களை 'லிப்ரோய்ன்'. பெயர், பன்மை விகுதி, இரண்டாம் வேற்றுமை உருபு என்னும் இவ்வரிசை நம்முடைய வரிசையே. பூனை எலியைப் பிடித்தது, எலியைப் பூனை பிடித்தது என்று எப்படிச் சொன்னாலும் நமக்குப் பொருள் மாறாததுபோல அங்கும் மாறாது. ஆங்கிலேயனுக்கு இது புதுமை. ஆகவே ஆங்கில வழிப் பாடங்கள் இந்த 'ன்' உருபை மீண்டும் மீண்டும் விளக்குகின்றன. நம் பிள்ளைக்கு ஒரு வரி போதும். அவன் இடறும் இடங்கள் வேறு. 'நல்ல நூல்களை' என்பது 'போனாய்ன் லிப்ரோய்ன்' ஆகும். 'நல்லகளை நூல்களை' என்பதுபோலப் பெயரடையும் விகுதியையும் உருபையும் சுமக்கிறது. 'லா' என்னும் சுட்டுச்சொல்லோ தமிழில் இல்லாதது. அதனை ஆங்கிலத்தில் உள்ளதுபோலவே வழங்குக என்றால் அவனுக்கு என்ன விளங்கும்? 'லா' கடினமாயிருப்போர் தொடக்கத்தில் அதனை விட்டுவிடலாம் என்று சாமன்ஹோஃப்பே சலுகை தந்துள்ளார். ருஷ்யருக்கும் போலிஷ்காரருக்கும் உதவிய சலுகை அது, நமக்கும் பொருந்தும். 1905இல் வெளிவந்த அவருடைய அடிப்படை நூலில் இலக்கணம் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ருஷ்யம், போலிஷ் என ஐந்து மொழிகளில் இருந்தது. ஆசிய மொழி ஒன்றுகூட இல்லை.

இருப்பனவற்றுள் நாம் முதலிடம் தருவது க்ளோத் பிரோன் எழுதி 1983இல் வந்த 'கேர்டா மறைந்தாள்' என்னும் மர்மக் கதைக்கே. முதற் பக்கத்திலிருந்து எஸ்பெராந்தோவிலேயே நடக்கும் அக்கதையில் சொற்கள் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. அடுத்து என்ன நேரும் என்ற ஆவலே மாணவனை இழுத்துச் செல்கிறது. அதன் 25 அத்தியாயங்களுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலும், மேலே கூறிய இடறல்களுக்குச் சில பக்க விளக்கமும் அமைந்தால் போதும். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் தலைமை தாங்கிய கலைச்சொல்லாக்கப் பணியை நோக்க, இது நாலைந்து ஆசிரியர் ஒரு தவணை விடுமுறையில் முடிக்கக்கூடிய வேலை.