இராமநாதபுரக் கடற்கரையும் கல்லூரிப் பாலியல் கல்வியும்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் மனிதப் பாலியல் என்ற பெயரில் தனிப்பாடம் அரிது. ஆனாலும் அது எங்குமே கற்பிக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. விலங்கியல் வகுப்பில் இனப்பெருக்க மண்டலமாகவும், தமிழ் வகுப்பில் களவு, கற்பு எனவும், சமூகவியலில் குலம், மணமுறை எனவும் துண்டு துண்டாக வருகிறது. முதல் வகுப்பில் உடல் உண்டு, மனிதர் இல்லை. அடுத்ததில் மனிதர் உண்டு, உடல் இல்லை. இந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைப்பதில்லை. இதனால் எதை இழக்கிறோம் என்பதை இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலையும் ஊர்களையும் கொண்டே காட்டலாம்.

ஆண் என்றால் யார்?

1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலம் மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. பால் என்பது என்ன என்ற கேள்விக்கு இந்தக் கடலைவிட நல்ல ஆய்வுக்கூடம் மாவட்டத்து மாணவருக்குக் கிடைக்காது.

கடல் குதிரையை எடுத்துக்கொள்ளலாம். இந்த இனத்தில் சூல் கொள்வது ஆண். பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் இடுகிறது. ஆண் அவற்றைக் கருவுறச் செய்து, உயிர்வளி கொடுத்து, பைக்குள் உப்பின் அளவைச் சீர்படுத்தி, இறுதியில் தசைகளைச் சுருக்கிக் குஞ்சுகளை வெளியேற்றுகிறது. அப்படியானால் அதை ஏன் ஆண் என்கிறோம்? விந்தணுவை உண்டாக்குவது அது என்பதால் மட்டுமே. உயிரியலில் ஆண் என்ற சொல்லுக்குச் சிறிய இனச்செல்லை உண்டாக்கும் உயிர் என்பதுதான் பொருள். வீரம், வலிமை, தலைமை எதுவும் அந்த வரையறைக்குள் இல்லை. சுமப்பதும் வளர்ப்பதும்கூடப் பெண்ணுக்கே உரியவை என்று அது சொல்லவில்லை.

இதே கடல் குதிரை காயவைக்கப்பட்டுக் கிழக்காசிய மருந்துச் சந்தைக்குக் கடத்தப்படுகிறது. ஆஸ்துமாவுக்கும் ஆண்மைக் குறைவுக்கும் அது மருந்து என்பது நம்பிக்கை. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பிறகும் இக்கடற்கரையில் உலர்ந்த கடல் குதிரைகள் பிடிபடும் செய்திகள் நிற்கவில்லை. சூல் சுமக்கும் ஓர் ஆணைப் பொடித்து ஆண்மைக்கு மருந்தாக்குகிறார்கள். உயிரியலும் பண்பாடும் மோதும் இடத்தைக் காட்ட இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு பாடநூல்களில் இல்லை. ஆனால் விலங்கியல் வகுப்பு வயிற்றுப் பையின் படத்தை வரையச் சொல்வதோடு நின்றுவிடுகிறது.

களவா மீன்களில் பல இனங்கள் பெண்ணாக முதிர்ந்து பின்னர் ஆணாகின்றன. கடற்சாமந்திக்குள் குடியிருக்கும் கோமாளி மீன் இதற்கு நேர்மாறு: கூட்டத்தின் பெண் இறந்தால் அதற்கு அடுத்த நிலையில் உள்ள ஆண் பெண்ணாக மாறுகிறது. இம்மீன்களில் பால் என்பது பிறப்போடு முடிந்துபோன செய்தியன்று. கூட்டத்தில் யார் எங்கே நிற்கிறார் என்பதையும் பொறுத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘இயற்கையின் ஒழுங்குக்கு மாறானது’ என்ற சொற்களை வைத்துத்தான் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவை எழுதியது. 2018இல் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் மனமொத்து உறவு கொள்வதை அப்பிரிவிலிருந்து விலக்கியது. அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களில் சிலர் கோமாளி மீனைச் சாட்சிக்கு அழைத்தனர். நோக்கம் நல்லதுதான், வாதம் பலவீனமானது. மீன் பால் மாறுவதால் மனிதருக்கு உரிமை வருவதில்லை. மாறாவிட்டால் உரிமை போவதுமில்லை. ‘இயற்கை’ என்ற சொல் எத்தனை பேர் கையில் எத்தனை விதமாகத் திரிகிறது என்பதைக் கற்றுக்கொள்ளவே மீன் உதவும்.

மலடி என்ற சொல்

கடலிலிருந்து கரைக்கு வந்தால் காட்சி மாறுகிறது. பிள்ளைப்பேறு வேண்டி இராமேசுவரத்தில் நாகப் பிரதிஷ்டை செய்வோரும், தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை வணங்குவோரும் ஆண்டு முழுவதும் வருகின்றனர். வழிபாடு அவரவர் நம்பிக்கை. அதில் குறை காண வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, ஊருக்குத் திரும்பிய பின் பழி யார் மீது விழுகிறது என்பதை. குழந்தையின்மைக்கு ஆண் தரப்புக் காரணம், தனியாகவோ பெண் தரப்புக் காரணத்தோடு சேர்ந்தோ, ஏறக்குறைய பாதி இணையரிடம் இருப்பதாக மருத்துவம் சொல்கிறது. ஆனால் பேச்சில் புழங்குவது ‘மலடி’ மட்டுமே. ‘மலடன்’ அகராதியில் இருக்கிறான், தெருவில் இல்லை. விந்தணுவைப் பற்றிப் பத்து மதிப்பெண் விடை எழுதிய மாணவி, திருமணமாகி மூன்று ஆண்டுகள் கழித்து அந்தச் சொல்லைத் தானே சுமக்கிறாள் என்றால் அவள் படித்தது எதற்கு?

மணமுறையும் வாரிசும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல என்பதற்கும் இம்மாவட்டமே சான்று. கொண்டையங்கோட்டை மறவரிடையே பிள்ளைகள் தாயின் கிளையைச் சேர்ந்தவர்கள். கீழக்கரை முஸ்லிம்களிடையே பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் மாப்பிள்ளை அங்கே வாழ வருவதும் வழக்கம். இராமநாதபுரம் சமஸ்தானத்தின் வாரிசுரிமை வழக்கில், கணவனின் வெளிப்படையான அனுமதி இல்லாவிட்டாலும் உறவினர் சம்மதத்தோடு கைம்பெண் தத்தெடுக்கலாம் என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1868இல் தீர்ப்பளித்தது. குருதி வேறு, மகன் என்ற நிலை வேறு என்பதற்கு இந்து சட்ட வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வழக்கு அது. இவற்றை வைத்து அந்தக் காலத்தில் பெண்ணாட்சி நிலவியது என்று சிலர் எழுதிவிடுகின்றனர். கிளை தாய்வழி என்றால் அதிகாரமும் தாய்வழி என்றாகாது. இந்த வேறுபாட்டைப் பிரித்தறியப் பழக்குவதே கல்லூரிப் பாடத்தின் வேலை.

நெய்தல் வகுப்பில் விடுபடுவது

தமிழ் வகுப்பில் நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று மனப்பாடமாகிறது. உலரும் மீனுக்குக் காவலிருக்கும் பரதவர் மகளும் தேரில் வரும் தலைவனும் பொருள்நிலையில் சமமானவர்கள் அல்லர் என்பது அரிதாகவே பேசப்படுகிறது. இற்செறிப்பு ஒரு துறையின் பெயராகவே நின்றுவிடுகிறது. பூப்பெய்திய பின் பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்ணுக்கு நேர்வதும் அதுதானே என்று கேட்கும் மாணவிக்கு, இது இலக்கியம் என்பதே பதிலாகக் கிடைக்கும். உடன்போக்கைச் சுவையோடு விளக்கும் அதே வகுப்பு, இன்று சாதி கடந்து வீட்டைவிட்டுப் போகும் இணையரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் இன்னும் நுட்பமான ஒன்றைப் பதிவு செய்கிறது. ஆண்மை திரிந்தோரை அது உயர்திணையில் வைக்கிறது. ஆனால் அவர்களைக் குறிக்கும் பெயருக்கென்று தனி வினைமுடிபு இல்லை என்கிறது. அவர்களை மக்களாக ஏற்றுக்கொண்ட மொழி, அவர்களுக்கென ஒரு விகுதியைத் தரவில்லை. திருநர் பற்றிய எந்தக் கருத்தரங்கையும் இந்த ஓர் இலக்கணச் செய்தியிலிருந்து தொடங்கலாம்.

மருத்துவ வகுப்பு

இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. அண்டை மாவட்டமான புதுக்கோட்டையின் சாந்தி சௌந்திரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பால் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. குரோமோசோம், இனச்சுரப்பி, இயக்குநீர், புறத்தோற்றம் ஆகிய நான்கும் எப்போதும் ஒரே விடையைத் தருவதில்லை என்ற எளிய உயிரியல் அன்று செய்தித்தாள் வாசகருக்குத் தெரிந்திருக்கவில்லை. விலங்கியல் பட்டதாரிகளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது என்பதும் கேட்கத்தக்கது. 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, ஊடுபால் குழந்தைகளுக்கு உயிராபத்து இருந்தாலன்றிப் பால் திருத்த அறுவைச் சிகிச்சை செய்யத் தமிழக அரசு தடை விதித்தது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் பயிலும் மாணவர்களே நாளை பிரசவ அறையில் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியவர்கள்.

மருத்துவப் பாடத்திட்டமோ தள்ளாடுகிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தாமே உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டபின், 2021 ஜூனில் பல ஆணைகளைப் பிறப்பித்தார். அதன் தொடர்ச்சியாகத் தேசிய மருத்துவ ஆணையம், தன்பாலீர்ப்பாளரை இழிவுபடுத்தும் பகுதிகளை நூல்களிலிருந்து நீக்குமாறு அறிவுறுத்தியது. ஆனால் 2024 ஆகஸ்டு இறுதியில் அதே ஆணையம் வெளியிட்ட தடய மருத்துவப் பாடத்திட்டத்தில், பெண்கள் இருவரின் உறவு ‘இயற்கைக்கு மாறான குற்றம்’ என்ற தலைப்பின் கீழ் மீண்டும் வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. அறிவியல் தெரியாததால் நேர்ந்த பிழையாக இதைக் கொள்ள முடியாது. பழைய பண்பாட்டுத் தீர்ப்பு ஒன்று அறிவியல் என்ற பெயரில் பாடத்திட்டத்துக்குள் குடியிருக்கிறது. அதை அடையாளம் காணும் பயிற்சி, எழுதியவர்களுக்கு எந்த வகுப்பிலும் தரப்படவில்லை.

பெற்றோர் எதிர்ப்பார்கள் என்பது வழக்கமான தடை. ஆனால் கல்லூரி மாணவர் வாக்குரிமை பெற்றவர். பலர் படிக்கும்போதே மணம் முடிக்கிறார்கள். புதிதாக ஒரு துறையைத் தொடங்கவும் தேவையில்லை. இளநிலைப் பட்டத்தில் நான்காம் பகுதியின் கீழ் பிற துறைப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. விலங்கியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் அதைப் பாதிப் பாதியாக நடத்தினால் போதும். நீதிமன்றம் சொல்லி ஒரு பாடம் எல்லா மாணவருக்கும் வந்த முன்னுதாரணமும் இருக்கிறது: 1991இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின் வழியே சுற்றுச்சூழல் கல்வி அப்படித்தான் வகுப்பறைக்குள் நுழைந்தது. தேர்வுக்கு முந்தைய இரவு குறிப்பேட்டைப் புரட்டி எழுதும் தாளாக அது சுருங்கிப்போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.