பேசும் உரிமையும் கேட்கும் பொறுமையும்

பல்கலைக் கழகத்தில் உரையாற்ற யாரை அழைக்கலாம், யாரை அழைக்கலாகாது என்னும் வினா அமெரிக்காவில் ஓயாத வழக்காய் இருந்து வருகிறது. அவ்வழக்கில் இன்றும் எடுத்துக்காட்டப்பெறும் அறிக்கை ஒன்றுண்டு. 1974 டிசம்பரில் யேல் பல்கலைக் கழகத்திற்காக எழுதப்பெற்ற அது, குழுத் தலைவரின் பெயரால் வுட்வர்ட் அறிக்கை எனப்படுகிறது. சென்னைக் கோட்டையில் ஆளுநராய் இருந்த எலிஹு யேலின் கொடையால் 1718இல் பெயர்பெற்ற கல்விக்கூடம் அது. ஆதலின் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

அறிக்கை பிறந்த வரலாறு இது. டிரான்சிஸ்டர் ஆய்வுக்காக 1956இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஷாக்லி, பின்னாளில் கறுப்பின மக்கள் பிறப்பிலேயே அறிவு குறைந்தவர் என்று வாதிடலானார். 1974 ஏப்ரலில் மாணவர் அமைப்பொன்று அவரை யேலுக்கு அழைத்தது. அவரை மறுத்து வாதிட வில்லியம் ரஷரும் வந்திருந்தார். அவையில் எழுந்த கூச்சலால் வாதமே நடைபெறவில்லை. ஷாக்லியின் வாய் அடைபட்டபோது அவரை மறுக்க வந்தவர் வாயும் உடன் அடைபட்டதைப் பலர் கருதுவதில்லை.

குழுத் தலைவர் வான் வுட்வர்ட் இனவெறிக்குப் பரிந்தவரல்லர். தென் மாநிலங்களின் இன ஒதுக்கலை ஆராய்ந்து 1955இல் புகழ்பெற்ற நூல் தந்த வரலாற்றறிஞர். பிறரைப் புண்படுத்தாது பேசுதல் ஒவ்வொருவர்க்கும் ஒழுக்கக் கடமை. அக்கடமையில் ஒருவர் தவறினும் அவர் பேசும் உரிமையைப் பல்கலைக் கழகம் காத்தேயாக வேண்டும். எதிர்ப்போர் அமைதியாய் எதிர்க்கலாம், பேச்சைத் தடுக்கலாகாது. இதுவே குழு கண்ட முடிபு. ஒழுக்கத்தையும் உரிமையையும் இவ்வாறு பிரித்துக் காட்டியது அறிக்கையின் பெருஞ்சிறப்பு. அதன் நடையிலும் சுற்றி வளைத்தல் இல்லை.

குறையும் உண்டு. கட்டற்ற பேச்சு நாளடைவில் நன்மை பயக்கும் என நம்பித் துணிவதாக அறிக்கை கூறுகிறது. அத்துணிவுக்கு விலை கொடுப்பவர் யார்? தன் பிறப்பே அவையில் விவாதப் பொருளாவதைக் கேட்டிருக்கும் கறுப்பின மாணவன் அல்லனோ? மனப்புண்ணை இலேசாய் எண்ணலாகாது என ஒப்புக்கொள்ளும் அறிக்கை, அப்புண் எல்லார்க்கும் சமமாய் நேர்வதில்லை என்னுமிடத்தில் போதிய அளவு நிற்கவில்லை. குழுவிலிருந்த மாணவர் ஒருவர், ஒடுக்கப்பட்டோரின் விடுதலை பேச்சுரிமையினும் முதன்மையானது என மறுப்புரை எழுதினார். அதனையும் சேர்த்தே வெளியிட்ட நேர்மை பாராட்டத்தக்கது.

ஆயினும் அம்மறுப்புக்குத் தக்க விடை பதினோராண்டு முன்னரே அவ்வளாகத்தில் எழுதப்பட்டுவிட்டது. 1963 ஜூனில் அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், கறுப்பின மாணவர் இருவர் சேர்வதைத் தடுக்க அம்மாநிலப் பல்கலைக் கழக வாயிலில் நின்றார். அவரை யேல் மாணவர் பேச அழைத்திருந்தனர். செப்டம்பர் 15இல் பர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு கறுப்பினச் சிறுமியர் மாண்டனர். யேலின் தற்காலிகத் தலைவர் கிங்மன் புரூஸ்டர் அழைப்பைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டார். அங்குச் சட்ட ஆய்வு செய்துவந்த கறுப்பினப் பெண் வழக்கறிஞர் பாலி மரே, வாலஸைப் பேச விடுக எனப் புரூஸ்டருக்கு மடல் எழுதினார். கலவரம் நேருமென்னும் அச்சம் ஒருவர் உரிமையைப் பறிக்கப் போதிய காரணமாகாது என்பது அவர் வாதம். அதே அச்சத்தைக் காட்டி லிட்டில் ராக் நகரக் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி உரிமையைத் தள்ளிவைக்கலாகாது என 1958இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்திருந்தது. தம் மக்களைக் காத்த நெறியைத் தம் பகைவருக்கும் மறுக்காத நேர்மை மரேயினுடையது.

எனவே அறிக்கையின் விதி சரி. அதற்குக் கூறிய காரணமே நிறைவற்றது என்பது நம் முடிபு. வாய்ப்பூட்டு எவர் கையில் இருப்பினும் நாளை அது எளியோர் வாய்க்கே முதலில் வரும். அதே வேளையில், விருந்தினர்க்கு மேடையளிக்கும் பல்கலைக் கழகம் அவரால் புண்பட்டோர்க்கு முன்வரிசையில் இடமும், குறுக்கீடின்றிக் கேள்வி கேட்க நேரமும் தரக் கடமைப்பட்டுள்ளது. அறிக்கையைக் கற்போர் மரேயின் மடலையும் உடன்வைத்துக் கற்பாராக.