வல்லிக்கண்ணன்: ஊக்குவிக்கும் திறனாய்வின் பயனும் எல்லையும்

நூல் மதிப்புரை எழுதுவது இலக்கியப் பணிகளுள் கடைநிலைப் பணி என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கவிதை படைப்பு என்றும், மதிப்புரை அப்படைப்புக்குப் பத்திரிகைகள் தரும் வரவுச்சீட்டு என்றும் பலர் கருதுகின்றனர். இக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய வல்லிக்கண்ணனின் எழுத்து வாழ்வு தக்க சான்றாகும். கவிதையும் கதையும் எழுதிய அவர், தம் ஆயுளின் பெரும்பகுதியைப் பிறர் நூல்களைப் படிப்பதிலும் அவற்றைப் பற்றி எழுதுவதிலும் செலவிட்டார். அது வீண்செலவா, விதைப்பா என்பதே நம்முன் உள்ள வினா.

ரா. சு. கிருஷ்ணசாமி என்னும் இயற்பெயருடைய அவர் 1920ஆம் ஆண்டு பிறந்தவர். நெல்லை மாவட்டத்து ராஜவல்லிபுரத்தைச் சேர்ந்தவர். எழுத்தையே வாழ்வாகக் கொள்ள வேண்டி அரசு எழுத்தர் வேலையைத் துறந்தார். 1940களில் துறையூரிலிருந்து வெளிவந்த ‘கிராம ஊழியன்’ இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர்த் திருமணம் செய்துகொள்ளாமல், சென்னையில் தமையனார் குடும்பத்தோடு எளிய வாழ்வு நடத்தினார். அவருடைய கவிதைகள் ‘அமர வேதனை’ என்னும் தொகுப்பாக 1974இல் வெளிவந்தன. ‘தீபம்’ இதழில் தொடராக எழுதி நூலாக்கிய ‘புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்’ அவருக்கு 1978இல் சாகித்திய அக்காதெமி பரிசைப் பெற்றுத் தந்தது. 2006ஆம் ஆண்டு நவம்பரில் மறைந்தார்.

ஒரு கவிஞருக்கு இந்தப் பெரும்பரிசு அவருடைய கவிதைக்காக அன்றி, பிறர் கவிதைகளைப் பற்றி எழுதியதற்காகக் கிடைத்தது என்பது கருதத்தக்கது. அந்நூலில் தீர்ப்பு வழங்கும் ஆவலினும் சான்று சேர்க்கும் ஆவலே மேலோங்கி நிற்கிறது. எந்த இதழில் எந்தக் கவிதை வந்தது, எவர் அதை எதிர்த்தார், எவர் விடை கூறினார் என்பனவற்றை அவர் பொறுமையாக நிரல்படுத்துகிறார். ந. பிச்சமூர்த்தி போன்ற முன்னோடிகளோடு, ஓரிரு கவிதைகள் மட்டுமே எழுதி ஓய்ந்தவர்களுக்கும் அதில் இடமுண்டு. அவருடைய மதிப்புரைகளும் இத்தகையனவே. சிற்றூர்களிலிருந்து புதியவர்கள் அனுப்பிய நூல்களை அவர் ஒதுக்காமல் படித்தார். அஞ்சலட்டையிலேனும் ஒரு மறுமொழி எழுதினார். தம் நூலை ஒருவர் முழுமையாகப் படித்தார் என்னும் செய்தியே பல இளம் எழுத்தாளர்களுக்கு முதல் ஊதியமாயிற்று.

இதற்கு எதிரான நெறியைக் க. நா. சுப்ரமண்யம் (1912–1988) கைக்கொண்டார். ‘மயன்’ என்னும் பெயரில் கவிதை எழுதிய அவரும் வாழ்நாளெல்லாம் நூல்களைப் பற்றி எழுதியவரே. ஆனால் அவர் கையிலிருந்தது முறம். தரமானவை இவை என்று பட்டியலிட்டு, ஏனையவற்றைத் தயக்கமின்றிப் புறந்தள்ளினார். இந்நெறியினர் வல்லிக்கண்ணனை நோக்கி எழுப்பக்கூடிய குற்றச்சாட்டு எளிதில் தள்ளத்தக்கதன்று. எல்லாரையும் பாராட்டுபவரின் பாராட்டுக்கு என்ன மதிப்பு? எந்த வரியை நீக்க வேண்டும் என்று கூறப்படாத எழுத்தாளர் எவ்வாறு வளர்வார்?

இவ்விரு நெறிகளின் மோதல் திருமறை மாணவர்க்குப் புதிதன்று. இடைவழியில் திரும்பிப்போன மாற்கு என்னும் யோவானை மீண்டும் அழைத்துச் செல்ல பவுல் உடன்படவில்லை. பர்னபாவோ அவனைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். பவுலின் கண்டிப்பில் நியாயம் இருந்தது. எனினும், பிற்காலத்தில் அதே மாற்கைப் பயனுள்ளவன் என்று கூறி வரவழைக்குமாறு எழுதியவரும் பவுலே. பர்னபா காத்துக் கொடுத்தவனையே பவுல் பின்னர்ப் பயன்கொண்டார். ஆயினும் அந்தியோகியாவில் பிறருடைய மாயத்திற்கு இழுப்புண்டவரும் அந்தப் பர்னபாவே என்பதை நாம் மறைத்தலாகாது. ஊக்குவிக்கும் உள்ளத்திற்கு நேரக்கூடிய இடறல் இதுதான்: எவரையும் நோகச் செய்ய விரும்பாமையால் உண்மையை விட்டு விலகுதல். வல்லிக்கண்ணனின் சில மதிப்புரைகளில் நூலின் பொருள் விரிவாக உரைக்கப்பட, அதன் குறை பற்றிய சொல் கிட்டாமற்போவது இவ்வியல்பின் விளைவே எனலாம்.

அங்ஙனமாயின் அவருடைய பணியை எவ்வாறு மதிப்பிடுவது? மத்திகிரி போன்ற ஓர் எல்லைப்புற ஊரிலிருந்து நோக்குவோர்க்கு விடை சற்றுத் தெளிவாகவே தோன்றும். 1824இல் நிறுவப்பட்ட கால்நடைப் பண்ணையால் அறியப்பட்ட இவ்வூரைச் சுற்றி, 1970களுக்குப் பின் ஓசூர்த் தொழிற்பேட்டைகள் எழுந்தன. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கும் இப்பகுதிக்குப் பல மாவட்டத்தார் வேலை தேடி வந்து குடியேறினர். இத்தகைய ஊர்களில் ஆலைத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் தம் சேமிப்பைக் கொண்டு கவிதை நூல் அச்சிடுவர். பெருநகரத் திறனாய்வாளரின் முறத்தில் அந்நூல்கள் விழுவதே இல்லை, விழுந்தால்தானே புடைக்கப்படும்? யாரும் படிக்காமையே அவற்றுக்கு நேரும் மெய்யான தண்டனை. கடுமையான மதிப்புரைகூட அதனினும் இரக்கமுள்ளது.

நம் திருச்சபைகளின் நிலையும் இதுவே. சபை வரலாறு, நூற்றாண்டு மலர், ஞானப்பாட்டுத் தொகுப்பு, அருளுரை நூல் எனச் சிறு வெளியீடுகள் ஆண்டுதோறும் வருகின்றன. பிரதிஷ்டை விழாவன்று ஆயர் அவற்றை வெளியிட்டு வாழ்த்துரைக்கிறார்; மறுநாள் அவை பரணுக்குச் செல்கின்றன. வாழ்த்துரை மதிப்புரை ஆகாது. ஒரு சிற்றூர்ச் சபையின் தொடக்ககாலச் செய்திகளுக்கு அத்தகைய மலர் ஒன்றே எழுத்துச் சான்றாக எஞ்சக்கூடும். அதிலுள்ள ஆண்டு பிழையாயின் அதனைச் சுட்டுவதும், அதில் விடுபட்டோர் யாவர் என வினவுவதும் வரலாற்றுக்கும் அவ்வாசிரியருக்கும் நாம் செய்யும் தொண்டாகும்.

ஆகவே வல்லிக்கண்ணனிடம் நாம் கொள்ள வேண்டியது அவருடைய பாராட்டை அன்று, அவருடைய படிப்பை. நூலை முழுதும் படித்தல், அது எவ்விடத்திலிருந்து எழுந்தது என்று காணுதல், ஆண்டும் பெயரும் தவறாது பதிவு செய்தல் ஆகிய மூன்றையும் அவர் நமக்குக் கற்பிக்கிறார். நான்காவதாகிய குறை கூறுதலை நாம் க. நா. சு.விடம் கற்றுக்கொள்ளலாம். முதல் மூன்றையும் நிறைவேற்றியவரே நான்காவதற்கு உரிமையுடையவர். இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் தாம் ஏற்கும் முதற் சபையின் பரணிலுள்ள பழைய மலர் ஒன்றை எடுத்துப் படித்து, இவ்வாறு இரண்டு பக்கம் எழுதுவாராயின், அந்தச் சபைக்கும் தமிழுக்கும் அது நற்பயனாகும்.