உருவப்படமும் பெயர்ச்சொல்லும்

நிழற்படக் கலையின் தொடக்கக்கால வரலாற்றை எழுதுவோர் கருவி, வேதிப்பொருள், ஒளி ஆகியவற்றிற்குத் தந்த இடத்தைப் படத்தின்கீழ் எழுதப்பெறும் தலைப்பிற்குத் தந்திலர். ஆயின், ஒரு முகம் தனிமனிதரின் உருவப்படமாகக் கொள்ளப்படுவதும் ஒரு குழுவின் மாதிரியாகக் கொள்ளப்படுவதும் அத்தலைப்பிலுள்ள பெயர்ச்சொல்லைப் பொறுத்தனவே.

கொச்சி மட்டாஞ்சேரியில் இவ்வேறுபாட்டைக் காணலாம். அங்குள்ள அரண்மனையில் 1864 முதல் ஆண்ட கொச்சி மன்னர்களின் தீட்டப்பெற்ற உருவப்படங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மன்னருக்குரியது. அந்நாட்டுக் குடிகளைப் பற்றி எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் ஆங்கிலத்தில் எழுதிய கொச்சிப் பழங்குடிகளும் சாதிகளும் என்னும் நூல் (1909, 1912) யூதரையும் கொங்கணியரையும் விளக்குகிறது. இவ்விரு சாராரும் மட்டாஞ்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். ஆயின் அந்நூலின் நிழற்படங்களில் நிற்போர் பெரும்பாலும் குழுப்பெயராலேயே சுட்டப்படுகின்றனர்.

ஓவியத்திற்கும் நிழற்படத்திற்கும் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம் எனின், அது பொருந்தாது. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் 1867-இல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷலைப் படமெடுத்தார். 'ஃபோட்டோகிராஃபி' என்னும் சொல்லை 1839-இல் வழக்கிற்குக் கொணர்ந்த அறிஞர் அவர். அப்படம் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1875-இல் இலங்கையில் குடியேறிய கேமரன் 1878-இல் எடுத்த படமோ 'களுத்துறை உழவர் குழு' எனப்படுகிறது. எடுத்தவர் ஒருவரே, ஈரக் கொலோடியன் முறையும் ஒன்றே. வேறுபட்டது பெயர் மட்டுமே.

தொல்காப்பியப் பெயரியல் குடிப்பெயர், வினைப்பெயர், நிலப்பெயர், குழுவின் பெயர் ஆகியவற்றைப் பிரித்துரைக்கும். இயற்பெயரை வேறாக வைத்து எண்ணும். களுத்துறைப் படத்தின் தலைப்பில் நிலமும் வினையும் குழுவும் உள; இயற்பெயர் இல்லை. ஹெர்ஷல் படத்தின் தலைப்பிலோ இயற்பெயரே முதன்மை பெறுகிறது.

குழுக்களை விளக்குவதே ஐயரின் நோக்கமாதலின் குழுப்பெயர் அவர் நூலுக்குப் பொருந்தும். ஆயின் அப்பெயரையே படத்தின் முழுத் தலைப்பாகக் கொள்ளும் ஆவணப் பட்டியலில் தம் பாட்டனின் முகத்தைப் பெயரால் தேடுவோர் அதனைக் காணவியலாது. எனவே பட்டியலிடுவோர் இயற்பெயருக்கெனத் தனி இடம் வகுத்தல் வேண்டும். பெயர் அறியப்படாவிடின் அவ்விடம் வெறுமையாகவே இருக்கட்டும். அவ்வெறுமை, படத்திலிருப்பவருக்குப் பெயர் இருந்தது என்பதையும் அது எழுதப்படவில்லை என்பதையும் உணர்த்தும். குழுப்பெயர் அவ்விடத்தை நிரப்பின் அவ்வுண்மையும் மறைந்துவிடும்.