என்.ஐ.ஆர்.எஃப்: எதை அளக்கிறோம், எதை விடுகிறோம்

பத்து நாளைக்கு முன்னால் ஒரு போன் வந்தது. முன்பு நான் கௌரவ விரிவுரையாளராக இருந்த ஊரிலிருந்து, பழைய மாணவன் ஒருவனுடைய அப்பா. மினி பஸ் ஓட்டுகிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், பி.எஸ்ஸி. கணிதம் சேர வேண்டும். வீட்டிலிருந்து பதினாலு கிலோமீட்டரில் இருக்கும் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வெளியூர் தனியார் கல்லூரி ஒன்றிலும் இடம் தருகிறேன் என்கிறார்கள்.

"சார், அவங்க கேட்டுலயே பெரிய போர்டு வெச்சிருக்காங்க. மத்திய அரசு ரேங்க்னு போட்டிருக்கு. நம்ம கவர்மெண்ட் காலேஜ் அந்த லிஸ்ட்லயே இல்லையாமே? நகைய வெச்சாவது அங்கயே சேத்துடலாமா?"

"ரெண்டு நாள் குடுங்கண்ணே, பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அப்படிப் பார்த்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் அடிப்படைத் தகவல்கள். அவர் சொன்ன "மத்திய அரசு ரேங்க்" என்பது என்.ஐ.ஆர்.எஃப் எனப்படும் தேசியக் கல்வி நிறுவனத் தரவரிசை. 2015-ல் அறிவிக்கப்பட்டு, 2016-ல் முதல் பட்டியல் வந்தது. ஐந்து தலைப்புகளில் மதிப்பெண் போடுகிறார்கள்: கற்பித்தலும் வளங்களும், ஆய்வு, பட்டம் பெற்றவர்களின் நிலை, பரவலும் உள்ளடக்கமும், கடைசியாக மற்றவர்கள் மத்தியில் உள்ள பெயர். கலை அறிவியல் கல்லூரிகளுக்கு முதல் தலைப்புக்கு 40 சதவீதம், கடைசி இரண்டுக்கும் தலா 10 சதவீதம். மிச்சத்தை ஆய்வும் பட்டதாரிகளின் நிலையும் பங்கிட்டுக்கொள்கின்றன.

கல்லூரி விண்ணப்பித்தால்தான் பட்டியலுக்குள் வர முடியும் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. நாட்டில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரிகள் பிரிவில் போட்டியிடுபவை சுமார் நாலாயிரம். அதிலும் முதல் நூறுக்குத்தான் தனித்தனி இடம், அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாக அறிவிப்பார்கள். ஆக "லிஸ்ட்லயே இல்லை" என்றால் மோசமான கல்லூரி என்று பொருளில்லை. விண்ணப்பிக்காமல் இருந்திருக்கலாம், விண்ணப்பித்தும் வராமல் இருந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தரவரிசையைத் திட்டுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் குற்றச்சாட்டு, கல்லூரிகள் பொய்த் தகவல் கொடுக்கின்றன என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. தகவலைக் கொடுப்பது கல்லூரியே. 2025 மார்ச்சில், தகவல்கள் முறையாகச் சரிபார்க்கப்படவில்லை என்ற பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பட்டியலை வெளியிட இடைக்காலத் தடையே விதித்தது. பிறகு தடை விலகி, செப்டம்பரில் பட்டியல் வந்தது. இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் யு.எஸ். நியூஸ் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த கொலம்பியா பல்கலைக்கழகம் கொடுத்த எண்கள் சரியில்லை என்று 2022-ல் அங்கேயே வேலை பார்க்கும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் எழுதினார். அதே ஆண்டு வந்த அடுத்த பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் 18-ஆம் இடத்துக்கு இறங்கியது.

ஆனால் எனக்கு இந்த விவாதத்தில் அவ்வளவு ஆர்வம் இல்லை. பொய்யைத் தணிக்கை பண்ணிச் சரிசெய்துவிடலாம். எல்லாக் கல்லூரியும் சத்தியமான எண்ணையே கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இந்தப் பட்டியல் நியாயமானதா? என் கேள்வி அதுதான்.

இந்தப் படிவத்தை ஒரு வருஷம் நிரப்பியவன் நான். கல்லூரியில் கம்ப்யூட்டர் தெரிந்த இளவட்டம் யார் என்று தேடினால் கௌரவ விரிவுரையாளர் தலையில்தான் வந்து விடியும். மாணவர் எண்ணிக்கைக்கான பக்கத்தில் ஆண், பெண் என்று கேட்டுவிட்டு, அடுத்து மூன்று கட்டங்கள் வரும்: மாநிலத்துக்குள், மாநிலத்துக்கு வெளியே, நாட்டுக்கு வெளியே. ஒவ்வொரு பாடப்பிரிவாக முதல் கட்டத்தில் மொத்த எண்ணையும் போட்டுவிட்டு, அடுத்த இரண்டிலும் பூஜ்யம், பூஜ்யம் என்று அடித்துக்கொண்டே போனேன். அப்போது அது வெறும் தட்டச்சு வேலை. பிறகு மதிப்பெண் முறையைப் படித்தபோதுதான் அந்தப் பூஜ்யங்களின் விலை புரிந்தது.

'பரவலும் உள்ளடக்கமும்' தலைப்புக்குள் நூறு மதிப்பெண். அதில் 30 பிற மாநில, பிற நாட்டு மாணவர்களின் விகிதத்துக்கு. பொருளாதார, சமூக நிலையில் பின்தங்கிய மாணவர்களுக்கு 20. மொத்தக் கணக்கில் இந்தத் தலைப்பின் எடை 10 சதவீதம் என்பதால், இறுதி நூறில் வெளிமாநிலத்தவருக்கு 3, ஏழைப் பிள்ளைகளுக்கு 2 என்று ஆகிறது. யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து, ஒரு கல்லூரி இன்னொரு மாநிலத்துப் பையனைச் சேர்ப்பது, பக்கத்துக் கிராமத்து ஏழைப் பெண்ணைச் சேர்ப்பதைவிட ஒன்றரை மடங்கு மதிப்பு என்று முடிவு செய்திருக்கிறார். இதைக் கணக்கு என்று சொல்ல முடியாது. இது ஒரு கருத்து, எண்ணின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது.

இந்த 'வெளிமாநிலம்' என்பதை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். குருகிராமிலிருந்து மெட்ரோ ஏறி டெல்லிக் கல்லூரிக்குப் போகும் பையன் வெளிமாநிலத்தவன். நொய்டாவிலிருந்து போகிற பெண்ணும் அப்படியே. கன்னியாகுமரியிலிருந்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் விடுதியில் தங்கிப் படிப்பவள் 'மாநிலத்துக்குள்'. ஓசூர்க் கல்லூரிக்கு எல்லை தாண்டி ஆனேக்கல்லிலிருந்து ஒருவன் வந்தால் மதிப்பெண் உண்டு, நாகர்கோவிலிலிருந்து வந்தால் கிடையாது. எங்கள் கல்லூரிக்கு மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வருகிற பிள்ளைகள் இருந்தார்கள், வீட்டில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அந்தத் தூரத்துக்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

"மூணு மார்க்தானே, அதுக்கு ஏன் இவ்ளோ பேச்சு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பட்டியலின் நடுப்பகுதியைத் திறந்து பாருங்கள். அடுத்தடுத்த கல்லூரிகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் புள்ளிக்குப் பின்னால்தான் இருக்கும். அந்த நெரிசலில் ஒரு மதிப்பெண் என்பது பல படிகள். சென்னை மாநிலக் கல்லூரி 2022-லும் 2023-லும் நாட்டிலேயே மூன்றாம் இடம். 2024-ல் முதல் பத்திலேயே இல்லை. 1840-ல் தொடங்கிய கல்லூரி, ஒரே வருஷத்தில் அங்கே பாடம் நடத்துவதும் படிப்பதும் அந்த அளவுக்கு மாறிவிடுமா? மாறியது எண்கள், அல்லது சுற்றி இருந்தவர்களின் எண்கள்.

பட்டதாரிகளின் நிலை என்ற தலைப்பும் இப்படித்தான். வேலைக்குப் போனவர், மேற்படிப்புக்குப் போனவர், நடுமதிப்புச் சம்பளம் என்று கேட்கிறார்கள். என்னிடம் படித்தவர்களில் பலர் பட்டம் வாங்கியதும் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து டி.என்.பி.எஸ்.சி.க்கும் காவலர் தேர்வுக்கும் படித்தவர்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து வி.ஏ.ஓ. ஆனவன் இருக்கிறான். படிவம் நிரப்பும் மாதத்தில் அவன் எந்தக் கட்டத்திலும் இல்லை. வளாக நேர்காணலில் பி.பி.ஓ.வுக்கு எடுக்கப்பட்டு ஆறு மாதத்தில் வேலையை விட்டவன் அந்த வருஷக் கணக்கில் ஏறியிருப்பான்.

ஆக என் குற்றச்சாட்டு இது. இந்தப் பட்டியல் கல்லூரி என்ன வைத்திருக்கிறது என்பதை அளக்கிறது: எத்தனை முனைவர்கள், எவ்வளவு செலவு, எத்தனை கட்டுரை, எவ்வளவு பெயர். உள்ளே வந்த பிள்ளையை எங்கிருந்து எதுவரை கொண்டுபோனது என்பதை அளப்பதில்லை. 95 சதவீதத்தோடு வருபவனை 95-லேயே வெளியே அனுப்புவதற்கும், ஐம்பத்தைந்தோடு தட்டுத்தடுமாறி வந்தவளை எம்.எஸ்ஸி. வரை தள்ளிவிடுவதற்கும் நடுவே உள்ள வேலை அதில் தெரியாது. அளக்க முடியாததும் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண் கல்லூரிக் கோப்பிலேயே இருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் தமிழ்நாட்டில் தாலுகா அலுவலகத்தில் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்கள் யார் யார் என்பது புதுமைப் பெண் திட்டத்தால் அரசுக்கே தெரியும். கேட்டால் எண் கிடைக்கும். யாரும் கேட்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, ஓய்வு பெற்ற என் பழைய துறைத் தலைவரிடம் பேசினேன். அவர் என்னை ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, நீ சொல்றதெல்லாம் சரி. ஆனா இது வர்றதுக்கு முன்னால என்ன இருந்துச்சு? பத்திரிகைல முழுப்பக்க விளம்பரம் குடுத்தவன் நல்ல காலேஜ். இப்போ ஒவ்வொருத்தனும் எத்தனை வாத்தியார், யார் பி.எச்டி., எவ்வளவு செலவுன்னு வெப்சைட்டுல போட்டே ஆகணும். அது சின்ன விஷயமா? பட்டியலை எடுத்துட்டா மறுபடி விளம்பரம்தான் பட்டியல்."

பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரமானது. அவர் சொல்வது சரி. அதனால்தான் தரவரிசையே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. ஆனால் அவர் பாராட்டியது முழுக்க அந்தத் தகவல்களை, பட்டியலை இல்லை. தகவல்கள் இருக்கட்டும், இன்னும் கூடட்டும். எல்லாவற்றையும் ஒரே எண்ணாகப் பிசைந்து 47, 48 என்று உட்கார வைப்பதில்தான் எனக்கு மறுப்பு. அந்த ஒற்றை எண்தான் ஹோர்டிங்கில் ஏறுகிறது. தகவல் ஏறுவதில்லை. சுற்றி வந்து மறுபடி விளம்பரத்தில்தான் நிற்கிறோம், இந்த முறை அரசு முத்திரையோடு. இதைச் சொன்னதும் சார் சிரித்தார். "சரி, அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட என்ன சொல்லப் போறே?" என்றார்.

மூன்றாம் நாள் அவருக்குப் போன் செய்தேன். தனியார் கல்லூரியின் இணையதளத்தில் அவர்கள் கொடுத்த படிவம் இருந்தது, சட்டப்படி வைத்திருக்கிறார்கள். போர்டில் இருந்த இடம் அந்தக் குழுமத்தின் வேறொரு கல்லூரிக்குக் கிடைத்தது, இவள் சேரப்போகும் கலைக் கல்லூரிக்கு இல்லை. அதைச் சொன்னேன். அரசுக் கல்லூரியையும் நான் தூக்கிப் பேசவில்லை. கணிதத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர் என்று நேரில் போய்க் கேளுங்கள் என்றேன். மூன்று வருஷத்துக்கு முன் அந்த வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள் என்று இரண்டு இடத்திலும் கேட்கச் சொன்னேன். விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மூன்று வருஷத்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு சார்" என்றார். "காலைல ஏழு இருபதுக்குப் பஸ் இருக்கு. சாயங்காலம் அஞ்சரை பஸ்ஸை விட்டா எட்டு மணிதான். பொம்பளப் புள்ள. அதான் யோசனை."

இரண்டு கல்லூரிக்கும் நேரில் போய்க் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன் என்றிருக்கிறார். நகையை இன்னும் வைக்கவில்லை. சாயங்காலப் பேருந்து நேரம் எந்தப் படிவத்திலும் இல்லை, என்னுடைய கேள்விப் பட்டியலிலும் இல்லை. அடுத்து யாராவது கேட்டால் அதையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.